முன்னால் போன சிவப்பு விளக்கு

இதில் ஒரு வரிகூட ஜோடனை இல்லை. லௌரியை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். வேல்ஸில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த ஏப்ரல் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரிப்பதில்லை.

அவளுடைய அக்கா நெரிஸுக்கு நவம்பரில் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. குளிர்காலம் முழுக்க ஜன்னலோரமே கதி. ஏப்ரலில், மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லௌரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீதான் முன்னாடி போகணும். என் கண்ணைவிட்டு மறையக் கூடாது."

"கைதியைக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குடீ."

"கைதின்னா சொன்ன பேச்சு கேப்பாளே!"

நல்ல வெயில். சந்துபோன்ற பாதைகளில் இருபுறமும் உயிர்வேலி துளிர்த்திருந்தது. வயல்களில் பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள். மூன்று மணிக்குப் பழைய ரயில் பாதையில் ஏறினார்கள். தண்டவாளங்களைப் பிடுங்கி அறுபது வருடமாகிவிட்டது. இப்போது அது சரளை போட்ட சைக்கிள் பாதை. இருவருக்கும் புதிது. பாழடைந்த ஒரு ஸ்டேஷன் மேடையில் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்தார்கள். நெரிஸ் இரண்டு துண்டு கேக் தின்றாள். வழியில் ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை.

மணி 4.09. லௌரியின் சைக்கிளில் செயின் கழன்றது.

"நெரி, நில்லு!"

நெரிஸ் கையை ஆட்டியபடி வளைவில் திரும்பிவிட்டாள். அவளுடைய மஞ்சள் ஜாக்கெட் மரங்களுக்குள் மறைந்தது. செயினை மாட்ட லௌரிக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. விரலெல்லாம் கிரீஸ். மனசுக்குள் எரிச்சல்.

வளைவு தாண்டினால் ஒரு சுரங்கம். வாசலில் இடுப்புயரத்துக்குப் பெரணிச் செடிகள். கம்பிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, இருட்டில், அக்காவின் சைக்கிள் பின்விளக்கு சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், மறுமுனையின் வெளிச்சம் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது.

"சொன்னா கேக்க மாட்டியே!" என்று திட்டிக்கொண்டே லௌரி உள்ளே நுழைந்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. சக்கரத்தின் கரகரப்பு சுவரில் மோதித் திரும்பியது.

"மெதுவா போ, நெரி!"

*டிங்.*

மணியடித்துத்தான் பதில் வந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை.

"மூச்சு வாங்குதா?"

*டிங்.*

லௌரி வேகமாக மிதித்தாள். விளக்கு நெருங்கவில்லை. மெதுவாக மிதித்தாள். அது விலகவும் இல்லை. இருவருக்கும் நடுவே கயிறு கட்டியதுபோல...

அப்போதுதான் உறைத்தது. காலையில் அக்காவின் சைக்கிளில் அந்த விளக்கை மாட்டியது லௌரிதான். விட்டுவிட்டு மின்னும் விளக்கு அது.

இது மின்னவில்லை.

மறுமுனை வெளிச்சத்தைப் பார்த்தாள். அதே பொத்தான் அளவு. எவ்வளவு நேரமாக மிதிக்கிறாள்? வாட்ச் 4.17 காட்டியது. ஐந்து நிமிடமா?

சத்தம்... முன்னாலிருந்து சரளை அரைபடும் சத்தமே வரவில்லை. கரகரப்பு அவளுடைய சக்கரத்தினுடையது மட்டும்.

அந்த நேரம் போன் மணி அடித்தது.

நெரிஸின் போன். ஆட்டுக்குட்டி கத்துகிற அந்த அசட்டு ரிங்டோன். அக்காவின் ஜாக்கெட் பையைவிட்டு நகராத போன்.

பின்னாலிருந்து கேட்டது.

வெகுதூரம் பின்னால்... வாசல் பக்கத்திலிருந்து.

அப்படியானால் முன்னால் போவது...

சிவப்பு விளக்கு நின்றது.

மறுமுனை வெளிச்சம் அணைந்தது.

இருட்டு.

*டிங்.*

காதருகே.

லௌரி சைக்கிளை எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. ரிங்டோன் வந்த திசையில் மிதித்தாள். தோள் சுவரில் உரசிச் சட்டை கிழிந்தது. வெளிச்சம். வாசல். பெரணிச் செடிகளுக்குள் மஞ்சள் ஜாக்கெட், சரிந்து கிடந்த சைக்கிள்.

நெரிஸ் மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம். மூச்சு இல்லை.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. நெரிஸின் போனிலும் இல்லை. விட்டுவிட்டு ஓடவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுபோல நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணிக்கொண்டே அழுதாள்.

4.22. பாதையில் காலடிச் சத்தம். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் பையோடு ஓடி வந்தார்கள்.

நெரிஸ் பிழைத்துவிட்டாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள். "சுரங்கத்துக்குள்ள நான் போகவே இல்லடீ. வாசல்லயே கண்ணு இருட்டிடுச்சு. விழுந்து கிடந்தேன். நீ என்னைப் பாக்காம தாண்டிப் போன. யாரையோ திட்டிக்கிட்டே போன. எனக்குக் குரலே வரல."

அவளுடைய போனில் தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. 4.17. லௌரியின் நம்பர். அந்த நேரத்தில் லௌரியின் போன் அவள் முதுகுப் பையில் இருந்தது.

அந்தச் சுரங்கத்தின் மறுமுனையை முப்பது வருடத்துக்கு முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. சைக்கிள் பாதை சுரங்க வாசலுக்கு முன்பே இடதுபக்கம் திரும்பி மலையேறிப் போய்விடுகிறது.

இரண்டு வாரம் கழித்து லௌரி கேக் வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு நன்றி சொல்லப் போனாள். அன்று வந்த எலுனெட் என்ற பெண் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"போன்ல அவ்வளவு நிதானமா வழி சொன்னீங்களே, அதுதாங்க உங்க அக்காவைக் காப்பாத்துச்சு."

"நான் போனே பண்ணலையே. அங்க சிக்னலே இல்ல."

"லௌரின்னுதான் பேர் சொன்னீங்க. நம்பரும் உங்களோடதுதான். எங்களுக்கு அங்க வர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். நேரத்தோட கூப்பிட்டதாலதான் வர முடிஞ்சுது."

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன்?"

"மூணு நாப்பத்தாறு."

அந்த நேரத்தில் அக்காவும் தங்கையும் ஸ்டேஷன் மேடையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

"வேற... வேற என்ன சொன்னேன்?"

எலுனெட் கேக் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா வாசல்ல செடிக்குள்ள கிடக்கா, நான் பாக்காம தாண்டி வந்துட்டேன், சீக்கிரம் போங்கன்னு சொன்னீங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு கன்ட்ரோல் ரூம்ல கேட்டாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"'நான் உள்ள இருக்கேன். என்னைத் தேட வேணாம். இங்க ரெண்டு பக்கமும் வாசலே இல்ல'ன்னு சொன்னீங்க."