பதினோரு செடிகளுக்கு அம்மை

எண்ணூரை ஒட்டிய எங்கள் காத்திவாக்கத்தில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்முன் கால் கழுவுவோம். போர்ச்சுகலில் நான் வேலை செய்யும் பண்ணையில், வேலைக்குள் நுழையும்முன் கழுவச் சொல்கிறார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் மூக்கை எரிக்கும் மருந்துத் தண்ணீர். பூட்ஸோடு இறங்கி, பத்து எண்ணி, ஏற வேண்டும். பக்கத்தில் ஒரு போர்டு. தொழிலாளர்களின் காலணியால் செடிக்கு நோய் பரவுகிறதாம். இந்தியில் இருக்கிறது, நேபாளியில் இருக்கிறது, பஞ்சாபியில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. பொய்யைத் தாய்மொழியில் வேறு படிக்க வேண்டுமா, இல்லாததே நல்லது. மேஸ்திரி லூசியாவின் கார் மட்டும் சக்கரம் நனையாமல் உள்ளே போகிறது.

இங்கே விளைவது பிளாக்பெர்ரி. இவர்கள் அமோரா என்பார்கள். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாக முள்செடி, கொத்துக் கொத்தாகக் கறுத்த பழம். போன வருடம் மே மாதம் நான்காவது கூடாரத்தில் ஒரு செடியைப் பார்த்து நின்றுவிட்டேன். பூ இருக்க வேண்டிய இடத்தில் பூ இல்லை, இதழெல்லாம் பச்சை இலையாக மாறியிருந்தது. அடியிலிருந்து துடைப்பக்கட்டை மாதிரி மெல்லிய தண்டுகள் நெருக்கமாகக் கிளம்பியிருந்தன. தேடியதில் இன்னும் பத்து கிடைத்தன. லூசியாவை அழைத்துவந்து காட்டினேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த போர்ச்சுகீஸ் இரண்டே சொல்: "ஃப்ளோர், ஃபோல்யா." பூ, இலை. அவள் அந்த அடர்த்தியைப் பார்த்தாள், என் தோளைத் தட்டினாள். "ஃபோர்த்! முயித்து ஃபோர்த்!" நல்ல பலமாம். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். மீன் விற்கிறவள்கூட அந்த வாசலைத் தாண்டித்தான் கூவுவாள். எனக்கு ஒன்பது வயதில் அம்மை வந்தபோது, பள்ளிக்கூடத் தோழர்கள் அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரியில் நின்று கையாட்டிவிட்டுப் போனார்கள். இங்கே வேப்பிலைக்கு எங்கே போவது? வேலிக்கு வெளியே யூகலிப்டஸ் காடாக நிற்கிறது. அதில் கொத்து ஒடித்துப் பதினோரு செடிகளிலும் கட்டினேன். கூட வேலை செய்யும் தண்டையார்பேட்டை சலீம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமு, செடிக்கு அம்மை போட்டுக்கீதா?"

சிரிப்பு நவம்பரோடு முடிந்தது. புதிய கூடாரங்களில் நட, பழைய செடிகளின் வேரடியில் கிளம்பும் கன்றுகளைத் தோண்டி எடுத்தார்கள். சலீமும் நானும் அந்த வாரம் வேறு தோட்டத்தில் கிளை வெட்டும் கவாத்து வேலைக்குப் போயிருந்தோம். இந்தப் பக்கத்தில் தாய்ச்செடியாக எடுக்க வேண்டிய நல்ல செடிக்குத்தான் எதையாவது கட்டி அடையாளம் வைப்பார்களாம். நான் "கிட்டே வராதே" என்று கட்டியதை அவர்கள் "இதிலிருந்து எடு" என்று படித்திருக்கிறார்கள். பதினோரு செடியின் கன்றும் மூன்று கூடாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த மே மாதம் மூன்றிலும் துடைப்பம்.

உடனே வாசலில் தொட்டி வந்தது, போர்டு வந்தது. எனக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் ஆலை எண்ணெய் மிதந்த நாள்தான் ஞாபகம் வந்தது. தார் பூசியதுபோல வலை, கையில் எடுத்தால் வழுக்கும் கறுத்த இறால். சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்த அதிகாரி ஒருத்தர், என் அப்பாவின் படகைத் தட்டி, "டீசல் இதுலேர்ந்து ஒழுகுச்சா?" என்று கேட்டார். ஆறு முழுக்க எண்ணெய், அப்பாவின் டேங்கில் அரை கேன் டீசல். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின்மேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

நோயைப் பரிசோதிக்க ஒரு பெண் வந்தாள். ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள்: இதன் பெயர் ஃபைட்டோபிளாஸ்மா, கண்ணுக்குத் தெரியாத கிருமி, செடியின் சாறு ஓடும் குழாயில் குடியிருக்கும். தத்துப்பூச்சி சாறு குடித்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகும், நோயுள்ள செடியிலிருந்து எடுத்த கன்றிலும் வரும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டும். காலணியில் வராது. பிறகு ஒரு காய்ந்த யூகலிப்டஸ் கொத்தைக் காட்டி, கட்டியது யார் என்று கேட்டாள்.

சலீம் என் முதுகில் விரலால் குத்தினான். "கம்முனு இரு மாமு. கையெய்த்து போட்டுத் தரட்டும், அப்பால பேசிக்கலாம்." அவன் சொன்னது நியாயம்தான். அடுத்த வாரம் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லையென்றால் தங்கும் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் மனைவி செல்வியையும் மகளையும் இங்கே கூட்டிவரும் பேச்சே இல்லை. நான் கையைத் தூக்கினேன். நான்தான் கட்டினேன், நோய் என்றுதான் கட்டினேன், போன வருடம் மே மாதமே லூசியாவிடம் காட்டினேன் என்றேன். என் தப்பையும் சொன்னேன். என் தெருவுக்கு மட்டும் தெரிந்ததை ஊருக்கே தெரியும் என்று நினைத்த மடையன் நான். வந்தவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற லூசியா என்னைப் பார்க்கவே இல்லை.

சலீமுக்குக் கையெழுத்து கிடைத்தது. எனக்கு, செடிகளை எரித்து முடிக்கும்வரைதான் வேலை என்றார்கள். போர்டு அப்படியேதான் இருக்கிறது. சொன்னதற்காக வருந்துகிறாயா என்று சலீம் கேட்டான். வயிறு எரிகிறது, வருத்தம் இல்லை என்றேன்.

நேற்று மூன்றாவது புதுக் கூடாரத்துச் செடிகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தபோது செல்வி வீடியோவில் வந்தாள். இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என் பின்னால் எழுந்த புகையைப் பார்த்தவள், "இன்னாய்யா, சொல்லாம கொள்ளாம எண்ணூருக்கே வந்துட்டியா?" என்று சிரித்தாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கக்கிக்கொண்டிருந்தது.

"மூஞ்சே தெர்ல, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள். தள்ளி நின்றேன். காற்று மாறி, புகையும் கூடவே வந்தது. சின்னத் திரையில் அவள் ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில், இரண்டிலும் புகை. "எப்போ எங்கள இட்டுக்கினு போவ?" என்றாள். இருமல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.