பேசியாச்சு என்று எழுதிய சீட்டுகள்

முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவருக்குக் காது போய்விட்டது. விதிக்கு இந்த மாதிரிக் குசும்பில் ஒரு சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு ஆபரேட்டரம்மா என்றுதான் பெயர். கணவர் போய் ஒன்பது வருஷம். ஒரே மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். கடைசியாக வந்தது முந்தின வருஷம். இரண்டு அறை வீட்டில் அவரும், ஓர் இரும்புக் கட்டிலும், முக்காலியின் மேல் பழைய வயர் போனும்.

வேலைப் பழக்கம் ஒன்று மட்டும் விடவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வோர் அழைப்புக்கும் சீட்டு எழுத வேண்டும்: யாருக்கு, எத்தனை மணிக்கு, பேசினார்களா, பதில் இல்லையா. வீட்டிலும் அப்படியே எழுதிக் கம்பியில் குத்திவைப்பார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மகனை அழைப்பார். "கண்ணு, நீ சொல்றது காதுல விழமாட்டேங்குது. நான் பேசறேன், நீ கேட்டுக்கோ" என்று ஆரம்பித்து, குழாயில் தண்ணீர் வராதது முதல் முழங்கால் வலி வரை கொட்டித் தீர்ப்பார். அந்தப் பக்கம் ஏதோ குரல் முனகும், பிறகு நின்றுவிடும். வேலை இருக்கும், வைத்திருப்பான். சீட்டில் 'மகன், பத்து மணி, பேசியாச்சு' என்று எழுதுவார்.

அது போதவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் சேமிப்பைச் சுரண்டிக் காது மெஷின் வாங்கினார். ஞாயிறு வருவதற்குள், மூன்றாம் நாளே அது செத்துப்போனது.

கடை இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, மெத்தை சோபா. வரவேற்பில் இருந்த பெண் 'சார் வெளியூர்' என்று எழுதிக் காட்டுவாள். அடுத்த வாரமும் சார் வெளியூர். கடிதம் போட்டார், பதிவுத் தபால் போட்டார். காது மெஷின் விற்கிறவனிடம் முறையிடுவதே செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனால், அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? ஆபரேட்டரம்மா சீட்டுத்தான் எழுதினார். தேதி, போன நேரம், திரும்பின நேரம், பதில் இல்லை. நாற்பத்தேழு சீட்டுகள்.

சிறு வழக்குகளுக்கான கோர்ட்டில் நீதிபதி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைக்காரர் கோர்ட்டுக்கும் வரவில்லை. முப்பது நாளில் மெஷின் விலையும் செலவும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. முப்பது தொண்ணூறானது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"பாதிக் கிணறுதாம்மா தாண்டியிருக்கீங்க," என்றார் கோர்ட் குமாஸ்தா, காதருகே குனிந்து கத்தி. "தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லித் தனியா ஒரு மனு போடணும்." போட்டார். அதற்கும் இரண்டு மாதம். கடைசியில் ஜப்தி ஆணையோடு கோர்ட் அமீனா கிளம்பினார். குட்டை மனிதர், பெரிய குரல்.

"எதை எடுக்கணும்னு நீங்கதாம்மா காட்டணும். நானா கை வைக்க முடியாது."

கடையில் அமீனாவின் கண் சோபாவின் மேல் போனது. ஆபரேட்டரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி அறைக்குள் இருந்த, வருகிறவர்களின் காதைச் சோதிக்கும் மெஷினை நோக்கி விரலை நீட்டினார். எது போனால் கடை ஒரு மணி நேரம்கூட ஓடாது என்று வேலை பார்த்தவருக்குத் தெரியாதா? அமீனா நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்ததும், வெளியூரில் இருந்த சார் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். என்ன வேகமான பிரயாணம்!

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே சார்!"

"நாப்பத்தேழு வார்த்தை சொல்லியிருக்காங்க," என்றார் அமீனா.

பணம் முழுசாக வந்தது. பஸ் ஸ்டாப்பில் அமீனா, "இனிமே நீங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்மா. எல்லாம் முடிஞ்சுது," என்றார். ஆபரேட்டரம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாளை முதல் தன் காதருகே குனிந்து கத்த யாரும் இல்லை என்பதும் உறைத்தது.

வேறு கடையில் வேறு மெஷின் வாங்கினார். முதலில் கேட்டது மின்விசிறியின் கிறீச், பிறகு குழாய்ச் சொட்டு, பிறகு தன் செருப்புச் சத்தம். வீடு எவ்வளவு காலி என்பது அன்றுதான் காதில் விழுந்தது. பரவாயில்லை, ஞாயிறு வரட்டும்.

ஞாயிறன்று தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு எண்ணைச் சுழற்றினார். குரல் வந்தது. பெண் குரல்.

"நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை."

தப்பாகச் சுழற்றிவிட்டோம் என்று மறுபடி அழைத்தார். மூன்றாம் முறை ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக. அதே குரல். இரண்டு தடவை சொல்லிவிட்டு நின்றது. அந்த ஏற்ற இறக்கம் அவருக்குப் பழக்கமானதுதான். வாராவாரம் கேட்ட முனகல் அது.

'நம்பர் மாறுதும்மா, எழுதிக்கோ' என்று அவன் சொல்லியிருக்கலாம், அவர் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு கடிதாசி போட்டிருக்கக் கூடாதா? கோபம் வந்தது. இவரே போடலாம், விலாசமும் மாறியிருந்தால்?

கம்பியிலிருந்து ஞாயிற்றுச் சீட்டுகளை உருவிக் கட்டிலில் பரப்பினார். எண்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் நீதிபதியே நம்பிய அதே கையெழுத்தில் 'பேசியாச்சு'. பென்சிலை எடுத்துப் போன வாரச் சீட்டில் அதை அடித்து, 'பதில் இல்லை' என்று எழுதினார். அதற்கு முந்தின வாரத்திலும் எழுதினார். அதற்கும் முந்தினதை எடுத்தார். எந்த ஞாயிறு வரை இப்படி அடித்துக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியவில்லை.