குளிர்ந்த எஞ்சினில் கேட்ட சத்தம்

பட்டறையின் நடுவில் ஒரு பள்ளம். அதற்கு மேல் வண்டியை நிறுத்தி, அடியில் அண்ணாந்து நின்று வேலை பார்த்தே சைலன்சர்காரருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கழுத்து வலி, தோள் வலி, கண்ணில் விழும் துரு என்று எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிப் புலம்புவார். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

அடியோடு போய்விடவில்லை. லாரி உறுமினால் கேட்கும், நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. முதலில் கடிகாரம், அப்புறம் போன் மணி, அப்புறம் மனைவியின் பேச்சு. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார், மீதியை ஊகிப்பார். ஊகத்துக்கும் எட்டாததற்குத் தலையாட்டல் இருந்தது. காது போன ஆளிடம் எவன் சைலன்சர் வேலை கொடுப்பான்?

மனைவி அதைத் திமிர் என்று நினைத்திருந்தாள். “உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்” என்பாள். நாளடைவில் அதையும் சொல்வதில்லை. அவள் வாய் மூடியது அவருக்கு ஓய்வாகக்கூட இருந்தது. வீட்டிலும் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க யாரால் முடியும்?

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு வண்டி. எஞ்சினை வேறு இடத்தில் பிரித்துப் புதிதாக்கியிருந்தார். புகைக்குழாய்தான் ஒட்டுக்கு மேல் ஒட்டாகக் கந்தலாகிக் கிடந்தது.

“முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் எல்லாத்தையும் எவர்சில்வர்ல மாத்திடுங்க. பைப் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எஞ்சின் நல்லா மூச்சு விடணும்” என்றார் டாக்டர். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, அதன் கூரையைத் தடவிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். சைலன்சர்காரர் பிடித்தது ‘சத்தம்’ என்ற ஒரு சொல்லைத்தான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சத்தத்தைப் பற்றி வேறு என்ன சொல்வார்கள்? தலையாட்டினார்.

வேலையில் குறை வைக்கவில்லை. எஞ்சினோடு சேரும் இடத்தில் கனத்த வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டு, தனித்தனிக் குழாய்களை வளைத்து ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தார். கடைசியில், உள்ளே தடுப்பே இல்லாத நேர்க்குழாய் சைலன்சரைப் பூட்டினார். எஞ்சினை முடுக்கியதும் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. அவருக்கே நிறைவாக இருந்தது.

எடுத்துப் போன டாக்டர் மறுநாளே திரும்பி வந்தார்.

“என் தெருவுல ஒரு குழந்தை அழ ஆரம்பிச்சிடுச்சு. ஊரைக் கூட்டற சத்தம் வேணாம்னுதானே சொன்னேன்? நீங்களும் தலையை ஆட்டினீங்களே.”

இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. சைலன்சர்காரர் அசடு வழிந்தார். “மாத்தித் தர்றேன் மேடம்” என்று பூசி மெழுகி அனுப்பிவைத்தார். உள்ளே தடுப்பு வைத்த சைலன்சர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றினார். பள்ளத்திலிருந்து ஏறும்போது கால் கெஞ்சியது. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

வண்டி அடங்கியது. அடங்கிய பிறகுதான் அதற்குள் ஒளிந்திருந்த இன்னொன்று டாக்டரின் காதில் பட்டது. “காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு கேக்குது. கொஞ்ச தூரம் ஓட்டினா நின்னுடுது” என்று காரைப் பட்டறையிலேயே விட்டுப் போனார். எங்கோ புகை கசிகிறது என்று சைலன்சர்காரருக்குப் புரிந்தது. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி விடும். சூடேறினால் உலோகம் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். எங்கே என்பதுதான் தெரியவில்லை. காலையில் முடுக்கிவிட்டு எஞ்சின்மேல் குனிந்து நின்றார். உறுமல் கேட்டது. டிக் டிக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மனைவி வந்தாள்.

“என்னங்க இது, தையல் மிஷின் மாதிரி தட்டுது?”

அவர் நிமிர்ந்தார். அவள் உதடு அசைந்ததைப் பார்த்திருந்தார். “எங்க?”

“இதோ, இங்கதான். கடைசிக் குழாய்கிட்ட.” கையை நீட்டியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “இவ்வளவு பக்கத்துல நிக்கறீங்க. உங்களுக்குக் கேக்கலையா?”

அவர் எஞ்சினை அணைத்தார்.

“எத்தனை வருஷமா?”

“தெரியல. கொஞ்சம் கொஞ்சமா போச்சு.”

அவள் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். “எங்கம்மா போனப்போ உங்ககிட்டதான் பொலம்பினேன். படுத்துக்கிட்டே, என் மனசுல இருந்த எல்லாத்தையும். நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க.”

“எனக்குக் கேக்கலை.”

“அதுக்கு நான் உங்களை மன்னிக்கவே இல்ல தெரியுமா? இத்தனை நாளும்.”

அவருக்குத் தெரியாது. மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. பாரம் சுமந்து வந்தவள், இறக்கிவைக்கச் சொன்ன வீடு இது இல்லை என்று கேள்விப்பட்டவளைப் போல் உட்கார்ந்திருந்தாள். சற்றுக் கழித்துப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “சரி, முடுக்குங்க. எங்கன்னு சரியா காட்டறேன்.”

பற்றவைத்த சூட்டில், அந்தக் குழாய் எஞ்சினோடு பொருந்தும் முகப்பு லேசாக வளைந்திருந்தது. கழற்றி, தட்டையாகத் தேய்த்து, இடுக்கை அடைக்கப் புது கேஸ்கெட் வைத்து முடுக்கினார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இப்ப இல்ல” என்றாள். அவள் வார்த்தையை நம்பித்தான் டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னார். அதையும் அவள்தான் செய்தாள். வந்து எடுத்துக்கொண்ட டாக்டரிடம் அவரே, “காது கேக்கலை மேடம். அதான் அன்னைக்கு நீங்க சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்” என்றார். “முன்னாடியே சொல்லியிருந்தா எழுதிக் காட்டியிருப்பேனே” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் வண்டியைக் கிளப்பினார்.

பிறகு அவர் காதுக்குக் கேட்கும் கருவி வந்தது. பட்டறையில் அதைப் போட முடியவில்லை. சுத்தியல் விழுந்தால் மண்டைக்குள் ஊசி ஏறியது. வீட்டில் போட்டுக்கொண்டார். மின்விசிறிக்குக்கூட இவ்வளவு சத்தம் உண்டா என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டார். “உங்கம்மா போனப்போ என்ன சொன்னே? இப்ப சொல்லேன்.”

அவள் யோசித்தாள். “அதெல்லாம் அப்ப வந்தது. இப்ப கேட்டா எப்படி வரும்?”

அவர் எழுந்து போய்விடவில்லை. தலையணை உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் பிடித்து இழுத்தபடி அவள், அம்மாவின் கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.