ஒலி போன கல்யாண வீடியோ

1. புயல் எங்கள் ஊருக்கு நேராகக் கரையைக் கடந்தது.
2. அதற்குச் சற்று முன்பு, வள்ளத்தை இன்னும் மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி அண்ணன் கடற்கரைக்குப் போனான்.
3. மறுநாள் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் கிடைக்கவில்லை.
4. ஊருக்கு வரும் ஒரே சாலையைக் கடல் அறுத்துக்கொண்டு போயிருந்தது. கரண்ட் கம்பங்களும் செல்போன் டவரும் விழுந்துவிட்டன.
5. அதிகாரிகள் படகில் வந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். அம்மா ஏறவில்லை. அதனால் நானும் ஏறவில்லை. எங்களைத் தனியாக விட மனமில்லாத சொந்தக்காரக் குடும்பங்கள் சிலவும் ஏறவில்லை.
6. எல்லோரும் புயல் காப்பகக் கட்டிடத்தில் தங்கினோம். வாரத்துக்கு ஒருமுறை படகில் அரிசி வந்தது.
7. அரிசி டிரம்முக்குள் நான் போட்டு மூடி வைத்திருந்த லேப்டாப் நனையவில்லை.

அம்மாவிடம் அதிகாரிகள் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். அவள் சொன்னது ஒன்றுதான்.

"வாரவன் பூட்டுன வீட்டுலயா வந்து நிப்பான்? நான் இங்கனதான் இருப்பேன்."

அப்பா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அக்கா கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது இளைய மகள் நான் மட்டும்தான், அதுவும் லீவில் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டதால்.

காலைப் பொழுதில் வேலை இருந்தது. ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்போம், வீடுகளுக்குள் ஏறிய மணலை அள்ளுவோம், கரையோரம் நடந்து தேடுவோம். மதியத்துக்கு மேல்தான் கஷ்டம். சோறு முடிந்ததும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பாய் விரிக்கும் இடத்துக்குச் சண்டை வந்தது. கழுவிய சட்டியையே ஒருத்தி மறுபடி மறுபடி கழுவினாள். நான் காப்பகச் சுவரில் கரியால் ஒரு அட்டவணை எழுதினேன். திங்கள் தாயம், செவ்வாய் விடுகதை, புதன் யாராவது ஒருவர் ஒரு சினிமாவை முதலிலிருந்து கடைசிவரை கதையாகச் சொல்ல வேண்டும். மாமா ஒருவர் சண்டைக் காட்சிகளை எழுந்து நின்றே நடித்துக் காட்டினார். "மூணு படத்த ஒண்ணாக் கலந்து அடிக்கிறாருடி" என்றாள் அவர் மனைவி, என் அத்தை. இரண்டு சுற்று வந்ததும் யாருக்கும் சொல்லக் கதை இல்லை.

நான் சோலார் பிளான்டில் டெக்னீஷியன். காப்பக மாடியில் ஒரு சோலார் தகடு தப்பியிருந்தது. பேட்டரிகள் உப்புத் தண்ணீரில் செத்துவிட்டன. வெயில் இருக்கும்வரை லேப்டாப் ஓடுகிற மாதிரி வயரை இழுத்து இணைத்தேன். உள்ளே வேலை சம்பந்தமான ஃபைல்களும் அக்காவின் கல்யாண வீடியோவும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

அந்த வீடியோ முழுக்க அண்ணன் இருந்தான். தண்ணீர் டிரம் தூக்கினான், ஆடினான், மாப்பிள்ளைக்குக் காலலம்பி மோதிரம் வாங்கினான். போடலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"போடு. எல்லாருந்தான் இருக்காக அதுல."

அன்றிலிருந்து தினமும் மதியம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அதைப் பார்த்தோம். நான்கைந்து நாட்களில் மேடையை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தோம்.

"மாமா, நீங்க ரெண்டு பந்தியில ஒக்காந்திருக்கீக!" என்றேன்.

"ரெண்டாவது தண்ணி குடிக்க ஒக்காந்தேன்த்தா."

"எலயப் போட்டா தண்ணி குடிச்சீக?" என்று அத்தை கேட்டாள். அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு உப்புக் காற்றில் லேப்டாப் ஸ்பீக்கர் போனது. பிரித்துப் பார்த்தேன், பச்சையாகப் பூத்திருந்தது. எங்களிடம் மிஞ்சியிருந்தவை பட்டன் போன்கள்தான், அவற்றில் இது ஓடாது. ஒலி இல்லாமல் அன்றைக்குப் போட்டபோது, சாம்பாரில் உப்பில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளிக்கும் இடத்தில் அத்தை அவள் குரலில் பேசிவிட்டாள். ஒரே சிரிப்பு. மாமா நாதஸ்வரமும் ஐயரும் ஆனார். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

அண்ணன் வந்தான். அவன் வாய் அசைந்தது. வெளியே கடல் மட்டும் கேட்டது.

"ஏன் எல்லாரும் வாய மூடிட்டீக? அவன் பேசுறான்ல" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். "நீ பேசு. போன்ல உங்க ரெண்டு பேரு கொரலும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்கும்."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் மாப்பிள்ளையிடம் சொன்னதைச் சொன்னேன். "ஒரு மோதிரம் பத்தாது மச்சான். காலு ரெண்டு இருக்குல்ல?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதன்பிறகு அவன் பேசும் இடமெல்லாம் என்னுடையது.

சில நாட்கள் கழித்து, அவன் வாய் அசையும்போது அம்மா குறுக்கே கேட்டாள்.

"சாப்பிட்டியாலே?"

"சாப்ட்டேம்மா" என்றேன். உதட்டசைவுக்குச் சரியாகப் பொருந்தியது.

அப்புறம் தினமும் ஏதாவது கேட்டாள். குளிருதாலே? சட்டை காஞ்சுச்சாலே? நான் பதில் சொன்னேன். கொஞ்ச நாளில் யோசிக்காமலே பதில் வந்தது. "பாற வழுக்கும்மா, அங்கன வந்து நிக்காத" என்று ஒருநாள் என் வாய் சொன்னது. அம்மா தினமும் கடலோரப் பாறையில் போய் நிற்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஊற்றடியில் அத்தை என் கையைப் பிடித்தாள். "ஏத்தா, இது வெளையாட்டு இல்ல. நீ பேசப் பேச, அவன் எங்கனயோ இருக்கான்னே அவ நெனைக்கிறா."

"நிப்பாட்டுனா என்ன செய்வா அத்த?"

அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரம் அரிசியோடு வந்தவர்கள், காப்பகச் சுவர் விரிந்துவிட்டது, இனி இங்கே யாரும் தங்கக்கூடாது, நாளைக்கு வருவதுதான் கடைசிப் படகு என்றார்கள். அம்மா தலையாட்டவில்லை. அவளை விட்டுவிட்டுப் போக மற்றவர்களும் தயாராக இல்லை. விரிசல் என் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது.

மதியம் வழக்கம்போல வீடியோ ஓடியது. அம்மா திரைக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலலம்பும் இடம் வந்தது. அண்ணன் குனிந்து தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

"ஏலே," என்றாள் அம்மா, "வருவியா, மாட்டியா?"

அவன் வாய் அசையத் தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரமாட்டேம்மா" என்றேன்.

அந்தப் பதிலைவிட உதட்டசைவு நீளமாக இருந்தது. மிச்ச நேரம் அவன் சத்தமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

அம்மா அந்தக் காட்சி முடியும்வரை பார்த்தாள். "சரி" என்றாள். எழுந்து தன் பாயைச் சுருட்டினாள். மறுநாள் படகில் முதலில் ஏறியது அவள்தான்.

இப்போது அம்மா உச்சிப்புளியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சாலையைச் சரிசெய்துவிட்டார்கள். உடல் இல்லாமலே அண்ணனுக்குக் காரியம் செய்தாயிற்று. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் மாற்றினேன். அக்கா வந்திருந்தபோது சத்தத்தோடு போட்டுப் பார்த்தோம். அண்ணன் பேசினான்.

"இது யாரு பேசுறா?" என்றாள் அம்மா.

"தம்பிதாம்மா" என்றாள் அக்கா.

"அவன் கொரலு இப்படியா இருக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனால், சத்தத்தை நிறுத்திவிட்டு அதைப் போடச் சொல்கிறாள். நான் பேசுகிறேன். வருவியா என்று மட்டும் அவள் மறுபடி கேட்டதில்லை.