முழங்கை ஆழம்

வண்டி நின்று புழுதி அடங்குவதற்குள் நோலீன் ஜன்னலருகே போய் நின்றுவிடுவாள். வணக்கம் கிடையாது, எங்கிருந்து வருகிறீர்கள் என்ற விசாரிப்பு கிடையாது. ஒரே கேள்விதான்.

"மண்வெட்டி இருக்கா?"

நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டி வந்த பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். எதற்கு என்று கேட்கிற அப்பாவிகளும் உண்டு.

"காலையில வயித்தக் கலக்கினா என்ன பண்ணுவே கண்ணு? ஊருக்குத் திரும்பிப் போயிட்டு வருவியா? இங்க கக்கூஸ் இல்ல. குழி வெட்டணும். குழின்னா இதுவரைக்கும்." சொல்லிக்கொண்டே தன் முழங்கையைப் பட்டென்று தட்டிக் காட்டுவாள். "கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகணும். அதுக்குக் கம்மியா இருந்தா அது குழி இல்ல, பூனை பறிக்கிறது."

கிட்ஜி ஓடை என்பது பேருக்குத்தான் ஓடை. மழை பெய்தால் தண்ணீர், மற்றபடி மணல். கரையில் யூகலிப்டஸ் நிழல், மழைநீர்த் தொட்டி ஒன்று, ஆட்டம் காணும் மேசை ஒன்று. ராத்திரி தங்கக் காசு கேட்காத இடம் இந்த நெடுஞ்சாலையில் இரு பக்கமும் வெகுதூரத்துக்கு இது ஒன்றுதான். அதனால் குளிர்காலம் வந்தால் ஓட்டை வேன்களில் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கே வந்து இறங்கும். பழம் பறித்தும் ஆட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தும் சேர்த்ததை டீசலுக்குக் கொடுத்துவிட்டு, நூடுல்ஸ் தின்று ஊர் பார்க்கிற கூட்டம். நான் சற்றுத் தள்ளி, சாலையோரத்தில் பெட்ரோலும் கறி பஃப்ஸும் விற்கிறேன். வந்து போகிறவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும். நோலீனை மட்டும் பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும்.

குள்ளமான உருவம். வெயிலில் வெந்த முகம். எப்போதும் ஆண்பிள்ளைச் சட்டை. ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துபோனதை ரொட்டிப் பையை மூடுகிற பிளாஸ்டிக் வில்லை ஒன்றைச் செருகிச் சரிபண்ணியிருப்பாள். விடிந்ததும் வலது கையில் கறி புரட்டுகிற நீள இடுக்கியும் இடது கையில் கோதுமைச் சாக்குமாகக் கிளம்பிவிடுவாள். புதர் புதராக நுழைந்து, பிள்ளைகள் துடைத்துப் போட்டுவிட்டுப்போன கக்கூஸ் காகிதத்தைப் பொறுக்குவாள். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் வெள்ளைப் பூ. சாக்கு நிறைந்ததும் என் கடைக் குப்பைத் தொட்டியில் கொட்ட வருவாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முன்னாலேயே, "டேரில், உனக்குப் பூ கொண்டாந்திருக்கேன்" என்பாள். புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாக்கைப் பார்த்த பிறகு சாப்பிட மாட்டார்கள்.

அவளுடைய வேன் முன்பு குழாய் ரிப்பேர் பார்க்கிற ஒருவனுடையது. எழுத்தைச் சுரண்டியும் போகவில்லை. 'அடைப்பா? கூப்பிடுங்கள்' என்று இன்றைக்கும் படிக்கலாம். யாரோ ஒரு பெரியவர் உண்மையிலேயே கதவைத் தட்டிக் கூப்பிட்டாராம். "அடைப்பெல்லாம் ஊராட்சி ஆபீஸ்லதான் இருக்கு, அங்க போய்த் தட்டுங்க" என்று அனுப்பியிருக்கிறாள். உள்ளே ஒட்டுப்பலகைப் படுக்கை, ஒற்றை அடுப்பு, கண்ணாடியில் காயப்போட்ட தேயிலைப் பை. ஒரு பையை மூன்று தரம் போடாமல் எறிகிறவன் அவள் கணக்கில் ஊதாரி. துணி துவைக்கத் தனியாகத் தண்ணீர் செலவழிக்க மாட்டாள். மூடியுள்ள வாளியில் துணியும் சோப்பும் போட்டு வேனின் பின்னால் வைத்து, மேடுபள்ள மண்சாலையில் என் கடைவரை ஓட்டி வருவாள். வந்து சேரும்போது துணி வெளுத்திருக்கும், அவள் இடுப்பு கழன்றிருக்கும்.

கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். குடியிருந்த வீட்டை உரிமையாளன் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விடுவதற்காகக் காலி பண்ணச் சொன்னான். "கடலைப் பாக்க வர்றவனுக்கு வீடு வேணுமாம். கடல்கிட்டயே கெடந்து உழைச்சவளுக்கு வேணாமாம்." பரிதாபப்பட்டு யாராவது வீடில்லாதவள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "நான் வீடில்லாதவ இல்ல. வாடகையில்லாதவ." ஆனால் அந்த வாடகையில்லாத வாழ்வுக்கு ஆதாரம் இந்த ஓடைக்கரை. வேனை நிறுத்தித் தங்க ராத்திரிக்கு இவ்வளவு என்று வாங்கும் வண்டிப் பூங்காவுக்கு முதியோர் பென்ஷனில் காசு கட்ட முடியாது. மற்ற இலவச இடங்களில் ஒரு ராத்திரிக்கு மேல் இருந்தால் விரட்டுவார்கள். தினமும் இடம் மாற டீசலும் கிடையாது, அந்த வேனின் எஞ்சினுக்குத் தெம்பும் கிடையாது. ஓடைக்கரை போனால் நோலீனுக்குப் போக்கிடமே இல்லை.

அதனால்தான் இடத்தைக் கெடுக்கிறவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். வீடு மாதிரி பெரிய கேரவனை இழுத்துக்கொண்டு வரும் ட்ரெவர் ஜெனரேட்டரை ஓடவிட்டு டிவி பார்ப்பான். அவன் கேரவன் வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். "உள்ள என்ன, ஆஸ்பத்திரியா? யாருக்காவது மூச்சு ஓட்டிக்கிட்டிருக்கியா?" தொட்டித் தண்ணீரில் தலை அலசிய பெண்ணிடம், "குடிக்கிற தண்ணி அது. உன் பேன் குளிக்கவா மழை பெஞ்சுது?" பச்சை மரத்தை ஒடித்து நெருப்பு மூட்டுகிறவன், பாட்டுப் போடுகிறவன், நாயை அவிழ்த்துவிடுகிறவன், எவனும் தப்பியதில்லை. திட்டு வாங்கிய பிள்ளைகளே மறுநாள் அவள் தணலில் உருளைக்கிழங்கு சுட உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஊராட்சிக்காரர்கள் மேல் அவளுக்கு இருந்த கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. கக்கூஸ் கட்டிக் கொடுங்கள் என்று நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். காசில்லை என்றார்கள். குப்பைத் தொட்டியாவது வையுங்கள் என்றோம். தொட்டி வைத்தால் கூட்டம் கூடும் என்றார்கள். பிறகு கூட்டம் விட்டுப்போன காகிதத்தைப் படம் எடுத்துவந்து, பார்த்தீர்களா அசிங்கத்தை என்று எங்களிடமே காட்டினார்கள். இன்னொரு புகார் வந்தால் இடத்தை மூடிவிடுவோம் என்றும் சொன்னார்கள். ஊருக்குள் காசு வாங்கும் வண்டிப் பூங்காக்காரர்களுக்கு ஓடைக்கரை கண்ணில் விழுந்த தூசி. அதை ஊதிவிட இவர்கள் கிளம்பிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நோலீனின் மண்வெட்டி வேனின் பின்கதவில் கட்டியிருக்கும். நீளக் காம்பு, பிடியில் சிவப்பு டேப். அதை மட்டும் யாருக்கும் தரமாட்டாள். முன்பு ஒன்று வைத்திருந்தாள். இதோ கொண்டுவந்து தருகிறேன் என்று வாங்கிய ஒருவன் அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு முடிவு கட்டிவிட்டாள். "பல்லு தேய்க்கிற பிரஷ்ஷையும் மண்வெட்டியையும் இரவல் கேக்கக் கூடாது."

போன ஆகஸ்டில், இங்கே குளிர்காலம் முடிகிற சமயத்தில், பெல்ஜியத்திலிருந்து லீஸ்பெத் என்ற பெண் சிநேகிதியோடு வந்தாள். ஒல்லிப் பிள்ளை, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ரகம். மண்வெட்டி இருக்கா என்ற கேள்விக்கு இல்லை என்றாள். உங்களுடையதைத் தருவீர்களா என்று வேனின் பின்கதவைக் காட்டினாள்.

"அது ஒண்ண மட்டும் கேக்காதே."

"அப்ப நான் என்ன பண்றது?"

"கரண்டியால தோண்டு. முடியலயா, காகிதத்தக் கொளுத்திட்டு வா. பூ மட்டும் பூக்க வச்சே, உன்ன நான் சும்மா விடமாட்டேன்." சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

மறுநாள் காலை தெற்கிலிருந்து வறண்ட காற்று. லீஸ்பெத் புதருக்குப் பின்னால் போய், சொன்னபடியே செய்தாள். கொளுத்திய காகிதம் காற்றில் எழும்பிக் காய்ந்த புல்லில் விழுந்தது. ஊர்த் தீயணைப்புக் குழுவில் நானும் தொண்டன். புகையைப் பார்த்துத் தண்ணீர் வண்டியோடு நான் போய்ச் சேருவதற்குள் ஓடைக்கரையில் ஒரு பக்கம் முழுக்கப் பற்றியிருந்தது. பிள்ளைகள் ஈரத் துண்டால் அடித்தார்கள். ட்ரெவர் கேரவன் தொட்டியைத் திறந்து, வைத்திருந்த தண்ணீர் அத்தனையையும் பீய்ச்சினான். நோலீன் சாக்கை நனைத்து, புகைக்குள் நின்று அறைந்துகொண்டிருந்தாள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லும், பக்கத்துப் பண்ணையின் வேலியும், மேசையும் போயின.

அணைத்த பிறகு லீஸ்பெத் நோலீன் முன்னால் வந்து நின்றாள். "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

நோலீன் கருகிய சாக்கைக் கீழே போட்டாள்.

மதியம் ஊராட்சி அதிகாரி கசங்காத சட்டையில் வந்து இறங்கினார். யார் பற்ற வைத்தது என்று கேட்டார். லீஸ்பெத் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினாள்.

"கையைக் கீழ போடு கண்ணு" என்றாள் நோலீன். "தீப்பெட்டி என்னுது. பத்த வைன்னு சொன்னதும் நான். எம் பேர எழுதிக்கய்யா. மண்வெட்டியக் குடுத்திருந்தா ஒரு குழியோட போயிருக்கும்."

"யார் செஞ்சாலும் ஒண்ணுதாம்மா. இந்த இடத்த மூடறதா முடிவாயிருச்சு."

"எப்ப முடிவாச்சு? இப்பத்தான புகையே அடங்குது."

அவர் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்த வாரமே தடைப் பலகையை நட மெர்வ் வந்தான். ஊராட்சியில் சாலை வேலை பார்க்கிறவன், நல்ல மனுஷன், எங்களோடு பியர் குடிக்கிறவன். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். ட்ரெவரும் போய்விட்டான். நோலீன் ஒருத்திதான் வேனில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். உதவிக்கு என்று நான் போயிருந்தேன். மெர்வ் பலகையை இறக்கினான். கூடாரம் போடத் தடை, வண்டியில் தங்கத் தடை. புதுப் பலகை, ஆனால் விளிம்பில் பெயிண்ட் வெளுத்திருந்தது.

"என்ன மெர்வ், புதுசு இப்படி வெளுத்திருக்கு?" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "போன வருஷமே வந்திருச்சு டேரில். ஊராட்சி யார்டுல வெயில்ல கெடந்துச்சு. ஒரு சாக்குக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க."

கக்கூஸ் கட்டக் காசில்லாத ஊராட்சிக்குத் தடைப் பலகை எழுதக் காசு இருந்திருக்கிறது. அந்த அதிகாரியை அப்போதே போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. நோலீன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அவனுங்ககிட்டப் பலகை இருந்துச்சு. சாக்க நான்ல குடுத்தேன்" என்றாள்.

தரை கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. மெர்வ் கடப்பாரையால் நாலு குத்துக் குத்தினான். வண்டியில் தேடினான். பிறகு தயங்கித் தயங்கி வேன் பக்கம் வந்தான்.

"நோலீன்... மண்வெட்டி இருக்கா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுகிற வேலையைத் தொடர்ந்தாள். அவன் திரும்பிப் போய், கடப்பாரையால் கிளறிய மண்ணைத் தகர டப்பாவால் அள்ளிப் போட்டான். கம்பத்தை நிறுத்திக் காலால் மண்ணைத் தள்ளி மிதித்தான். கையை எடுத்ததும் கம்பம் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான். மறுபடி சாய்ந்தது.

வேனின் பின்கதவில் கயிறு அவிழும் சத்தம் கேட்டது. நோலீன் மண்வெட்டியோடு வந்தாள்.

"தள்ளு."

"நானே வெட்டிக்கறேன், நீ குடு நோலீன்."

"இது யாரு கைக்கும் போகாது. தள்ளுன்னு சொன்னேன். பூனை மாதிரி பறிச்சு வச்சிருக்கான்."

கம்பத்தைப் பிடுங்கிக் கரியாய்க் கிடந்த புல்லில் எறிந்தாள். வெட்ட ஆரம்பித்தாள். நான் வாங்கப் போனேன், தோளால் இடித்துத் தள்ளினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. அதிகாரிக்கு ஒன்று, வீட்டுக்காரனுக்கு ஒன்று, மண்வெட்டி திருடிக்கொண்டு போனவனுக்கு ஒன்று. தனக்கும் இரண்டு மூன்று சொல்லிக்கொண்டாள். மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போதும் நோலீன், ஆழம் போதும் என்று மெல்லச் சொன்னான்.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, மண்டி போட்டு, குழிக்குள் கையை விட்டு அடிமண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு நாலு விரற்கடை குறைந்தது. எழுந்து மறுபடியும் மண்வெட்டியை எடுத்தாள்.