பொம்மைக்கு ஊத மறுத்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நான் நர்ஸாக இருந்தேன். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு எப்படி மூச்சுக் கொடுப்பது என்று மலைக்கிராமத்து மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பள்ளங்கி என்ற மலையூரில் பூண்டு காயப்போடும் கொட்டகைதான் வகுப்பு. மேகம் உள்ளே வரும், போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர்கள் மறைந்துவிடுவார்கள். நான் பாட்டுக்கு அந்த வெள்ளையிடம் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

குழந்தைக்குப் பதில் நானே தைத்த துணிப் பொம்மை. அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து வாய் வைத்து, கன்னத்தில் இருக்கும் காற்றை மட்டும் மெல்ல விட வேண்டும். அவர்களோ ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பு ஊதிப் பழகியவர்கள். ஊதிய மூச்சு குளிரில் பொம்மையின் தையல் வழியே புகையாக வெளியே வரும். சிரிப்பு வந்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வேன்.

ஒருவர் மட்டும் பொம்மையைத் தொடவே இல்லை.

"உசுரில்லாததுக்கு மூச்சுக் கொடுக்கக் கூடாதுங்க நர்சம்மா. பொறவு நம்ம மூச்சு பிள்ளைக்கு ஆகாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஊதலைன்னா சர்டிபிகேட் கிடையாதுக்கா" என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் காலையில் பக்கத்து வீட்டில் பிரசவம். எல்லோரும் ஓடினோம். குழந்தை நீலம் பாரித்து, துவண்டுபோய் என் கைக்கு வந்தது. தொப்புள்கொடியை அறுத்தேன், துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். அசைவே இல்லை. "பிள்ளை ஏங்க அழலை?" என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்து ஊத வேண்டும். குனிந்தேன்; வாய் வைக்க வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அதுவரை பொம்மைக்குத்தான் ஊதியிருந்தேன்.

பொம்மையைத் தொடாத அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். கம்பளியில் பொதிந்து, வெளிச்சத்துக்காக வாசலோரம் உட்கார்ந்து வாய் வைத்தார். சாம்பல்கூடப் பறக்காத அளவுக்கு மூச்சு. குட்டி நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது. வாசலில் மேகம் வந்து நின்றது. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. ஏதோ கனவை வேடிக்கை பார்ப்பவள்போல் நின்றேன்.

அவர் வாயை எடுத்தார். குழந்தையின் மூக்கிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அதற்கப்புறம்தான் அழுகை.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்ன மாதிரிதான் ஊதினேனாங்க?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.