எட்னா அராவிய பத்து எழுத்துகள்

தேம்ஸ் கரையில் எங்கள் வார்ப்புப் பட்டறையில் எட்னா பாஸ்க்குக்கு அடுத்த மேசை என்னுடையது. யுத்தத்துக்குப் போன ஆண்களின் இடத்தில் எடுத்த பெண்களில் கடைசியாக மிஞ்சியவள் அவள். வெண்கல எழுத்துகளை அராவிச் சீராக்குவது வேலை. ஓரத்தில் பிசிறோ வீக்கமோ இருந்தால் அவள் கைதான் முதலில் போகும், கண் பிறகு. ஃபோர்மேன் ஹாப்டேயின் பூட்ஸ் சத்தம் கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிடுவாள். போன மாதம் ஒரே ஒரு தப்புக்காக ஒருத்தியை அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, மீட்புப் படகோடு மூழ்கிய ஒன்பது பேரின் நினைவுப் பலகைக்கு எழுத்துகள் வந்தன. புது வடிவம். எழுத்தின் அடியில் பாதம்போல நீளும் குறுங்கோடும் இல்லை, முழுக்க மொட்டையும் இல்லை. ஒவ்வொரு கோடும் இடுப்பில் ஒடுங்கி, இரண்டு நுனியிலும் மெல்ல அகலும். எட்னா அதை வார்ப்பின் வீக்கம் என்று நினைத்துவிட்டாள். ஆர்தர் கிட் என்ற பெயரின் பத்து ஆங்கில எழுத்தையும் நேராக அராவி முடித்த பிறகுதான் டீக் கோப்பையை எடுத்து, அடியிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

அரம் நின்றது.

"என்ன எட்னா, அரத்துக்குக் காய்ச்சலா? சத்தத்தையே காணோம்!" தூரத்திலிருந்து ஹாப்டே.

"இதோ, மிஸ்டர் ஹாப்டே." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சிரில், என்னைப் பார்க்காதடா. பத்தையும் கெடுத்துட்டேன். மிச்ச எட்டுப் பேரையும் நேராக்கிட்டா எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

நான் என் அரத்தை விடாமல் இழுத்தேன்.

எங்கள் பட்டறையில் எந்தப் பலகையையும் சுவரில் சாய்த்து, வாசலில் நின்று படித்துப் பார்ப்போம். அவளும் பெயர்களை அடுக்கிவிட்டு வாசலுக்குப் போனாள். எட்டுப் பெயர்கள் தெளிவாக நின்றன. ஒன்று மட்டும், நேர்க்கோடாக இருந்தும், தூரத்திலிருந்து நுனிகளை எலி கொறித்ததுபோலவும் நடுவில் உப்பியதுபோலவும் தெரிந்து, பலகைக்குள் அமிழ்ந்தது.

"ஆர்தர் மட்டும் இன்னும் தண்ணிக்குள்ளயே இருக்கான்" என்றாள். நேராக ஹாப்டேயிடம் நடந்து, செய்ததைச் சொன்னாள். நான் ஆணியில் தொங்கிய அவளுடைய மேல்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரைபடம் எங்கம்மா இருந்தது?"

"என் டீக் கோப்பைக்கு அடியில."

"கோப்பை வைக்கவா குடுத்தாங்க?" அவர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "அச்செடுக்கிற மாதிரிக் கட்டை இருக்கு. மறுபடி வார்க்கச் சொல்றேன்."

"யார் அராவுவாங்க?"

"ராணியம்மாவா வந்து அராவுவாங்க? நீதான். இன்னொரு தரம் நேராக்கினே, கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு."

மறுநாள் காலை எழுத்துகள் சூடு ஆறாமல் வந்தன. கோப்பை தரையில் இருந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு முறை வரைபடத்தைப் பார்த்தாள். பூட்ஸ் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது, போகவில்லை. பத்தாவது எழுத்தையும் பலகையில் பதித்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தாள்.

"நீ போய்ப் பாருடா சிரில். என்னால முடியாது."

வாசலுக்குப் போனேன். பலகையில் ஒன்பது பேரும் தெளிவாக நின்றார்கள். சொல்லத் திரும்பினேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.